சாம்பலின் கணக்கு

வடசென்னையின் வரலாற்றை எரிபொருளின் வரலாறாகவே நான் காண்கிறேன். 1856-ஆம் ஆண்டு தென்னாட்டின் முதற் பயணிகள் புகைவண்டி இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. 1970-இல் எண்ணூர் அனல் மின்நிலையம் இயங்கத் தொடங்கிற்று. 450 மெகாவாட் திறன் எய்தி, 2017-இல் மூடப்பட்டது. 2001-இல் நிலக்கரி இறக்குவதற்கென்றே எண்ணூர்த் துறைமுகம் எழுந்தது.

மின்சாரம் ஊரெங்கும் சென்றது. அனல் நிலையச் சாம்பலோ கொசஸ்தலை ஆற்றில் தங்கி, மீனவரின் வலையை வறிதாக்கிற்று. விற்ற மின்சாரத்தின் விலையில் அவ்விழப்புச் சேரவில்லை. ஆகவே நிலக்கரி மலிவாகத் தோன்றிற்று.

1986-இல் தூத்துக்குடியில் காற்றாலைகள் சுழலத் தொடங்கின. காற்றுக்குச் சாம்பல் இல்லை. ஆயினும் தொடக்கத்தில் இடவேண்டிய முதல் பெரிது. அம்முதலை நாளை இடப்போகிறவர்கள் நீங்களே. இலாபக் கணக்கைப் பார்க்குமுன், சாம்பல் யார் வாசலில் விழுகிறது என்று கேளுங்கள்.