ஃபிரேமுக்குள்ளே ஆயில்

அந்தக் கால புல்லட்டை உதைத்தவர்களுக்கு இது உடனே புரியும். ஆம்பியர் முள் நடுவுக்கு வந்ததும் டீகம்ப்ரஷன் லீவரை அமுக்கி, பிஸ்டனை உச்சி தாண்டவிட்டு, லீவரை விட்டதும் ஒரே உதை!

டூ ஸ்ட்ரோக்கில் பேர் வாங்கிய யமஹா, 1976 மாடலாகக் கொண்டு வந்த எக்ஸ்டி 500-லும் இதே கதைதான். 499 சிசி, ஒற்றை சிலிண்டர், ஃபோர் ஸ்ட்ரோக். முள்ளுக்குப் பதிலாக என்ஜின் தலையில் குட்டியாக ஒரு கண்ணாடி சன்னல்; அதில் அடையாளம் தெரிந்தால் உதைக்கலாம். அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் காலி :-)

1979-ல் முதல் பாரிஸ்-டக்கார் பந்தயத்தில் சிரில் நெவூ ஜெயித்தது இந்த வண்டியில்தான். 1980-லும் அவரேதான். அந்தப் பேருக்காகவே பழசைத் தேடிப் பிடித்து, காட்டுப் பாதையில் ஓட்டத் தயார் செய்கிறார்கள்.

வில்லங்கம் எங்கே என்றால், இதற்குத் தனி ஆயில் டேங்க் கிடையாது. ஃபிரேம் குழாய்க்குள்ளேதான் ஆயில். துரு போக மணலடித்து பெயின்ட் பூசும்போது உள்ளே கொஞ்சம் மணல் தங்கினாலும் போச்சு, ஆயிலோடு சுற்றி பேரிங்கையும் சிலிண்டரையும் அரைத்துவிடும். துளைகளை அடைத்துவிட்டுத்தான் அடிக்கணும், அப்புறமும் பலமுறை அலசணும். என்னைக் கேட்டால், சேற்றில் இறங்கப்போகிற வண்டிக்கு ஷோரூம் பளபளப்பு எதுக்குங்க? கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கையாலேயே பெயின்ட் அடித்தால் போதும்.

கிளப்பிக் கொஞ்ச தூரம் ஓட்டியதும் ஆயிலை வடித்து ஃபில்டரைப் பாருங்கள். நறநறவென்று ஏதாவது இருந்தால் மறுபடி உதைக்காதீர்கள்.