ஆல்ப்ஸ் ஏறிய சிங்கெல்

சிங்கெல் 1865 முதல் 1879 வரை வாழ்ந்த ஒரு பெண் நாய். சுவிட்சர்லாந்து மலைக்கிராமம் ஒன்றில் பிறந்து இங்கிலாந்தில் இறந்தது. பெரிய உடம்போ உயர்ந்த சாதியோ கிடையாது. வேட்டைநாய்க் கலப்பில் வந்த சிறிய நாய். ஆனால் அதை வளர்த்த கூலிட்ஜ் எழுதிவைத்த கணக்கின்படி, ஆல்ப்ஸ் மலையில் அது ஏறிய சிகரங்கள் 30, கடந்த கணவாய்கள் 36. இந்தக் கணவாய்கள் வண்டி போகும் மலையிடைவெளிகள் அல்ல. பனியாற்றின் மேல் மணிக்கணக்கில் ஏறி, மறுபுறம் செங்குத்தாக இறங்க வேண்டிய பாதைகள். மலையேற்ற வரலாற்றில் நாய்களைப் பற்றிய கதைகள் பல உண்டு. இவ்வளவு திட்டமாகப் பதிவான வாழ்க்கை வேறு நாய்க்குக் கிடைப்பது அரிது.

அந்தக் காலம் ஆல்ப்ஸ் ஏறுவது ஆங்கிலேயச் செல்வந்தர்களின் மோகமாக மாறியிருந்த காலம். 1857-இல் லண்டனில் ஆல்பைன் கிளப் தொடங்கப்பட்டது. கோடை வந்ததும் வக்கீல்களும் பாதிரியார்களும் பேராசிரியர்களும் சுவிட்சர்லாந்துக்குக் கிளம்பினார்கள். அவர்களை உச்சிக்குக் கொண்டு சேர்த்தவர்கள் உள்ளூர் மேய்ப்பர்களும் வேட்டைக்காரர்களும்தான். சம்பளத்துக்கு வழிகாட்டிய இந்த மனிதர்களில் முதல் வரிசையில் நின்றவர் கிரிண்டெல்வால்டைச் சேர்ந்த கிறிஸ்டியன் அல்மர். ஆடு மேய்த்தும் பாலாடைக்கட்டி செய்தும் பிழைத்தவர். 1858-இல் ஐகர் சிகரத்தில் முதன்முதலாகக் கால் வைத்த மூவரில் ஒருவர். 1865 செப்டம்பரில் ஆங்கிலேயர் இருவரைச் சிங்கெல் கணவாய் வழியாக அழைத்துப் போனபோது, தான் வாங்கிய நாய்க்குட்டியையும் அவர் கூட்டிச் சென்றார். கணவாயின் பெயரே குட்டிக்கு நிலைத்தது. அதன்பின் மூன்று ஆண்டுகள் அது அல்மர் வீட்டு வாசலில் காவல் கிடந்தது.

வில்லியம் அகஸ்டஸ் கூலிட்ஜ் நியூயார்க்கில் பிறந்தவர். உடல்நலம் குன்றிய பையன் என்பதால் அவரை ஐரோப்பாவுக்கு அழைத்து வந்து வளர்த்தவர் தாயின் சகோதரி மெட்டா பிரெவூர்ட். மலைப் பித்து முதலில் பிடித்தது மெட்டாவுக்குத்தான். பையனுக்கு அது தொற்றிக்கொண்டது. 1868 ஜூலையில் பதினேழு வயது கூலிட்ஜ், அல்மருடன் ஐகர் ஏறப் போய்ப் பாதியில் திரும்ப நேர்ந்தது. வாடிப்போன பையனைத் தேற்ற அல்மர் தன் காவல் நாயைக் கொடுத்துவிட்டார். அதிலிருந்து வழிகாட்டி, மெட்டா, பையன், நாய் என்று நால்வரும் ஒரே குழுவாகிவிட்டனர்.

செங்குத்தான பனிமலையில் நாய் எப்படி ஏறும் என்பது நியாயமான கேள்வி. எடை குறைவு, அதுவும் நான்கு கால்களில் பிரிந்து இறங்குகிறது. ஆகவே மனிதக் கால் முழங்கால்வரை புதையும் மென்பனியில் நாய் மேலாகவே ஓடிவிடும். பனி மூடி மறைந்திருக்கும் பிளவுகளை முன்கூட்டியே உணரக்கூடியது என்ற பெயரும் சிங்கெலுக்கு இருந்தது. கெட்டியான பனிக்கட்டிதான் அதற்கு எதிரி. இரும்பு முள் பூட்டிய காலணிகள் பரவலாகாத காலம் அது. வழிகாட்டி கோடரியால் படி வெட்டுவார். மற்றவர்கள் அந்தப் படிகளில் கால் வைத்துப் போவார்கள். படிகள் மனித எட்டுக்கு வெட்டப்பட்டவை, நாயின் நடைக்கு அல்ல. ஆபத்தான இடங்களில் அதன் கழுத்துப் பட்டையில் கயிற்றைக் கோத்து மற்றவர்களோடு பிணைத்துக்கொண்டார்கள். கூர்மையான பனிக்கட்டி பாதங்களைக் கிழித்து ரத்தம் கசியும். தோலில் சிறு காலணிகள் தைத்துப் போட்டுப் பார்த்தார்கள். சிங்கெல் அவற்றை உதறித் தள்ளிவிட்டது. மற்றவர்கள் களைப்புக்குக் குடித்த சிவப்பு ஒயின் மட்டும் அதற்கும் பிடித்துப்போனது. இன்றைய கால்நடை மருத்துவர் இதைக் கேட்டால் திட்டாமல் விடமாட்டார்.

பால்ம்ஹார்ன், அலெட்ச்ஹார்ன், மான்டி ரோசா என்று பட்டியல் நீண்டது. கடைசி இரண்டும் 4,000 மீட்டருக்கு மேற்பட்டவை. 1875 ஜூலையில், பத்து வயதில், ஏறத்தாழ 4,800 மீட்டர் உயரமுள்ள மாங் பிளான் உச்சிக்குச் சிங்கெல் போய்ச் சேர்ந்தது. யாரும் தூக்கிச் செல்லவில்லை. தன் காலாலேயே ஏறியது. நாயின் பத்து வயது என்பது முதுமையின் வாசல். இதைவிடப் பெரிய ஏற்றம் அதன் பட்டியலில் இல்லை.

மான்டி ரோசா ஏறியதும், அடிவாரத்தில் தங்கியிருந்த ஆல்பைன் கிளப் உறுப்பினர்கள் சிலர் கூடிச் சிங்கெலைக் கௌரவ உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தார்கள். வேடிக்கைக்காகச் செய்ததுதான். ஆனால் அந்த வேடிக்கையில் ஒரு கசப்பு இருந்தது: கிளப்பில் பெண்களுக்கு இடமில்லை. நாயோடு அதே பனியில் நடந்த மெட்டா, அவர்களில் பலரையும்விடத் தேர்ந்த மலையேறி. 1870-இல் பிரான்ஸில் மேஜ் மலையின் நடு உச்சியை முதன்முதலாக எட்டிய குழுவில் அவரும் இருந்தார். 1871-இல் மாட்டர்ஹார்ன் உச்சியை ஏறி மறுபக்கம் இத்தாலிக்குள் இறங்கிய முதல் பெண்ணும் அவரே. 1874 ஜனவரியில், கடுங்குளிரில், வெட்டர்ஹார்ன், யுங்ஃபிராவ் இரண்டையும் கூலிட்ஜும் அவரும் அல்மரின் துணையோடு ஏறினார்கள். அவற்றைக் குளிர்காலத்தில் யாரும் அதற்குமுன் ஏறியதில்லை. ஆனாலும் பியெட்ஷ்ஹார்ன் ஏற்றம் பற்றி மெட்டா எழுதிய கட்டுரை, 1872-இல் கிளப்பின் இதழில் கூலிட்ஜ் பெயரில்தான் அச்சானது. அந்தக் காலத்து ஆண்களுக்கு நாயை உறுப்பினராக்குவது எளிதாக இருந்தது. பெண்ணின் பெயரை ஒரு கட்டுரைக்கு மேலே போடுவது கடினமாக இருந்தது.

மெட்டா 1876 டிசம்பரில் இறந்தார். சிங்கெல் 1879-இல், இங்கிலாந்தின் டார்க்கிங் ஊரில், தூக்கத்திலேயே உயிர்விட்டது.

அதன் கணக்கை எவ்வளவு நம்பலாம்? கூலிட்ஜ் பிற்காலத்தில் பாதிரியாராகவும் ஆக்ஸ்ஃபோர்டு கல்லூரி ஒன்றின் உறுப்பினராகவும் இருந்து, ஆல்பைன் கிளப்பின் இதழையும் 1880-களில் நடத்தியவர். தேதி, உயரம், பெயர் எதிலும் பிறர் செய்யும் பிழையைப் பொறுக்காதவர். சண்டைக்காரர் என்றே பெயர் வாங்கியவர். மலையேறி எட்வர்ட் விம்பர் தம் புகழ்பெற்ற நூலில் படம் போட்டுக் காட்டிய, மலைமுகட்டுப் பிளவைத் தாண்டிய அல்மரின் தாவல் நடக்கவே இல்லை என்று எழுதி, விம்பரோடு பெரிய மோதலில் இறங்கியவரும் இவரே. தம் நாய் விஷயத்தில் மட்டும் அவர் கணக்கைக் கூட்டி எழுதியிருப்பார் என்று நினைக்க இடமில்லை. அவர் 1896-இல் கிரிண்டெல்வால்டிலேயே குடியேறி, 1926-இல் அங்கே இறந்தார்.

கிளப்பில் இடம் கிடைக்காத பெண்கள் தங்களுக்கென்று 1907-இல் தனி மலையேற்றச் சங்கம் வைத்துக்கொண்டார்கள். ஆல்பைன் கிளப் பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1974-இல்.