அரசு லேப்டாப்பில் ஆடியோ எடிட்டிங்: லினக்ஸில் ஆடாசிட்டி இன்ஸ்டால் செய்வது எப்படி? மைக் எடுக்கலைன்னா என்ன பண்ணலாம்?

தமிழ்நாடு அரசு கொடுத்த பழைய லேப்டாப் வீட்டில் சும்மா கிடக்கிறதா? பாட்காஸ்ட், யூடியூப் வாய்ஸ் ஓவர், பேச்சுப்போட்டி பயிற்சி என எல்லாவற்றுக்கும் அதுவே போதும். திருட்டு சாஃப்ட்வேரை டவுன்லோடு செய்து வைரஸை வீட்டுக்குள் அழைத்து வர வேண்டியதில்லை.

பாஸ் லினக்ஸ் என்றால் என்ன?

2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில், பல மாடல்களில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட இதை உருவாக்கியது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம். தாம்பரத்துக்குப் பக்கத்தில், குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் உள்ள ஏயூ-கேபிசி ஆய்வு மையத்துக்கும் இந்தப் பணியில் பங்கு உண்டு.

ஆடாசிட்டி எதற்கு?

குரலைப் பதிவு செய்ய, வெட்ட, ஒட்ட, இரைச்சலைக் குறைக்க உதவும் இலவச சாஃப்ட்வேர் இது. 2000-ஆம் ஆண்டு முதல் புழக்கத்தில் இருக்கிறது.

இன்ஸ்டால் செய்வது எப்படி?

* லேப்டாப்பை நெட்டுடன் இணைத்து, மெனுவில் ‘சினாப்டிக்’ பேக்கேஜ் மேனேஜரைத் திறக்கவும்.
* முதலில் ‘ரீலோட்’ கொடுக்கவும்.
* ஆடாசிட்டி என ஆங்கிலத்தில் தேடி, டிக் செய்து, ‘அப்ளை’ அழுத்தவும்.

ரீலோடிலேயே எரர் வருகிறதா? ஓஎஸ் ரொம்பப் பழசாக இருக்கலாம். அதற்கான சர்வரில் ஃபைல்கள் இருக்காது. போட்டோ, சான்றிதழ்களை பென்டிரைவில் காப்பி எடுத்துவிட்டு, புதிய பாஸ் அல்லது டெபியனை ஏற்றினால் சரியாகிவிடும்.

மைக் வேலை செய்யலையா?

* பழைய லேப்டாப்களில் மைக்குக்கும் ஹெட்போனுக்கும் தனித்தனி ஓட்டை இருக்கும். செல்போன் இயர்போனைச் செருகினால் பாட்டு கேட்கும், ஆனால் குரல் பதிவாகாது. இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் அல்லது யுஎஸ்பி மைக் வாங்கினால் போதும்.
* சிஸ்டத்தின் சவுண்ட் செட்டிங்ஸில் ‘இன்புட்’ மியூட்டில் இருக்கிறதா பாருங்கள்.
* ஆடாசிட்டியைத் திறந்த பிறகு மைக்கைச் செருகினால் அதற்குத் தெரியாது. ‘ரீஸ்கேன் ஆடியோ டிவைசஸ்’ கொடுக்கவும்.

வேறு என்ன சிக்கல் வரும்?

சத்தம் விட்டுவிட்டு வந்தால் பிரவுசரை மூடுங்கள். அப்படியும் சரியாகலைன்னா, பிரிஃபரன்சஸில் ‘பஃபர் லெங்த்’ அளவை 100 மில்லி செகண்டில் இருந்து 200 ஆக மாற்றவும்.

செல்போனில் பதிவு செய்த எம்4ஏ ஃபைல் திறக்கலைன்னா, எஃப்எஃப்எம்பெக் என்ற பேக்கேஜையும் இதே சினாப்டிக்கில் ஏற்ற வேண்டும்.

நண்பர் அனுப்பிய ப்ராஜெக்ட் திறக்கவில்லையா? 2021-இல் வந்த 3.0 பதிப்பில் ஃபைல் முறையே மாறிவிட்டது. அதைப் பழைய 2.4 பதிப்பால் படிக்க முடியாது. ‘வேவ்’ ஃபைலாக அனுப்பச் சொல்லுங்கள்.

ரயில், விமானச் சத்தம் போகுமா?

ஃபேன் சத்தம் போல ஒரே மாதிரி வரும் இரைச்சல் குறையும். பேசாத ஓரிரு செகண்டை செலக்ட் செய்து, ‘நாய்ஸ் ரிடக்‌ஷன்’ பகுதியில் ‘கெட் நாய்ஸ் ப்ரொஃபைல்’ அழுத்தவும். பிறகு முழுப் பதிவையும் செலக்ட் செய்து ஓகே கொடுக்கவும். ஆனால் மின்சார ரயில் ஹாரனும், பல்லாவரம் பக்கம் தாழப் பறக்கும் விமானமும் இதில் போகாது. அந்த வரியை நிறுத்தி, மறுபடி பேசிப் பதிவு செய்து, பழையதை வெட்டிவிடுவதே நல்லது.