இம்பால் வீழ்ந்திருந்தால்

1944 மார்ச்சில் ஜப்பானியரும் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவமும் தொடங்கிய இம்பால் முற்றுகை ஜூனில் முறிந்தது. வான்வழி வந்த உணவும் வெடிமருந்தும் பிரிட்டிஷாரைக் காத்தன. அவ்விமானத்தளங்கள் வீழ்ந்திருந்தால்? வெள்ளையர் முன்னரே வெளியேறியிருப்பரா, ஜப்பானியர் அவ்விடத்தில் அமர்ந்திருப்பரா என்பதே வழக்கமான வினா. மொழியியலாளனுக்கு வேறொன்று தோன்றுகிறது.

1943 அக்டோபர் 21ஆம் நாள் சிங்கப்பூரில் நேதாஜி அறிவித்த இடைக்கால அரசு, உரோமன் எழுத்தில் எழுதும் இந்துஸ்தானியைப் பொதுமொழியாகக் கொண்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து படையில் சேர்ந்த தமிழரும் அம்மொழி ஆணைகளுக்கே பழகினர். அவ்வரசு தில்லியை அடைந்திருந்தால், 1949இல் அரசியல் நிர்ணய சபை ஏற்ற தேவநாகரி இந்தியின் இடத்தில் அது அமர்ந்திருக்கக்கூடும். எழுத்து மாறியிருக்கும், தமிழுக்கு அதனால் நன்மை விளைந்திருக்கும் என்று நான் கருதவில்லை. தமிழரும் குருதி சிந்தி வென்ற போரின் மொழியை எதிர்ப்பது, 1965இல் இந்தியை எதிர்த்ததைவிடக் கடினமாயிருந்திருக்கும்.