கருங்காலக்குடியின் கற்படுக்கைகள்

சிங்கம்புணரியிலிருந்து கொட்டாம்பட்டி வந்து, மேலூர் நோக்கித் தெற்கே இறங்கும் நெடுஞ்சாலையில் இருக்கிறது கருங்காலக்குடி. ஊரை ஒட்டிய குன்றைப் பஞ்சபாண்டவர் குட்டு என்பார்கள். வனவாசத்தில் பாண்டவர் படுத்த இடமென்பது ஊர்வழக்கு. உண்மையில், அங்கே பாறையில் வெட்டிய படுக்கைகள் சமண முனிவர்களுக்காக அமைந்தவை.

சமணத் துறவி ஊர் ஊராக நடந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது விதி. மழைக்காலத்தில் முளைக்கும் பயிரும் ஊரும் சிற்றுயிரும் காலடியில் நசுங்கும் என்பதால் அப்போது மட்டும் நான்கு மாதம் ஓரிடத்தில் தங்குவர். அதற்கு நனையாத இடம் வேண்டும். குகையின் நெற்றியில் குறுக்காக ஒரு காடி வெட்டிவிட்டால் பாறைமேல் வழியும் நீர் உள்ளே புகாது, வெளியிலேயே சொட்டிவிடும். உள்ளே தரையைச் செதுக்கிச் சமமாக்கி, தலைமாட்டில் சற்று மேடு விட்டார்கள். எளிய ஏற்பாடுதான், ஆனால் இதில் தெரியும் மழையறிவும் கல்லறிவும் வியக்கத்தக்கவை.

துறவியிடம் காசு ஏது? செலவை ஏற்றவர்கள் நாட்டு மக்கள். பக்கத்து மாங்குளம் மலையில் பாண்டியன் நெடுஞ்செழியனின் அதிகாரி கடலன் வழுதியும் வெள்ளறை நிகமம் என்ற வணிகர் குழுவும் கொடையாளிகளாகக் கல்வெட்டில் நிற்கிறார்கள். கருங்காலக்குடியின் தமிழ்பிராமி வரி, ஏழையூர் அரிதின் என்பவரின் பெயரோடு இந்தத் துறவியர் பள்ளியைச் சேர்த்துச் சொல்கிறது. காடு தேடிப் போனவர்கள் என்று துறவிகளை எண்ணுவது வழக்கம். இந்தக் குன்றுகளோ ஊருக்கு அருகிலேயே இருக்கின்றன. பிச்சை ஏற்று உண்பவருக்கு ஊர் எட்டும் தொலைவில் இருந்தாக வேண்டும்.

இலங்கையில் மிகிந்தலை முதலிய இடங்களில் பௌத்த சங்கத்துக்கு அளித்த குகைகளிலும் இதே காடியும் பிராமி எழுத்தும் உண்டு. அதனால் பாண்டிநாட்டுக் குகைகளும் பௌத்தர்களுடையவை என்றே தொடக்கத்தில் சிலர் கருதினர். மாங்குளம் கல்வெட்டை 1882இல் இராபர்ட் சீவல் கண்டார். இக்குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழ் என்று 1924இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் காட்டினார். பின்னர் ஐராவதம் மகாதேவனின் நெடிய ஆய்வு 2003இல் நூலாக வந்தது. சமணர் குகைகள் என்பதே இன்று பெரும்பாலோர் கொள்ளும் முடிவு.

படுக்கைகள் வெட்டி ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு கழித்து, பக்திக் காலத்துக்குப் பின்னும், கருங்காலக்குடிக் குன்றில் சமணம் உயிரோடு இருந்தது. பாறையில் புடைப்பாகத் தீர்த்தங்கரர் ஒருவர் அமர்ந்திருக்கிறார். அத்திருமேனியைச் செய்வித்தவர் அச்சணந்தி என்று வட்டெழுத்து கூறுகிறது. ஐவர்மலை, அழகர்மலை, உத்தமபாளையம் எனப் பல குன்றுகளிலும் அதே அச்சணந்தியின் பெயர் உண்டு.