நூறாண்டு கடந்த எரு வயல்

தொப்பம்பட்டிச் செம்மண்ணில் சோளம் விளைவித்த குடும்பத்தில் பிறந்தவன் நான். ஆட்டுக்கிடை போட்ட வயல் எது, போடாத வயல் எது என்பதைப் பயிரின் நிறங்கண்டே எங்கள் பாட்டனார் சொல்லிவிடுவார். ஆனால் அவ்வேறுபாட்டை ஆண்டுதோறும் நிறுத்துக் குறித்தார் எங்களூரில் எவருமிலர்.

அப்பணியைக் கோயமுத்தூர் செய்தது. சைதாப்பேட்டை வேளாண்மைக் கல்லூரி அங்குப் பெயர்ந்த சில்லாண்டுகளில், 1909இல், நிரந்தர எருச் சோதனை தொடங்கிற்று. இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்னுமிடத்தில் லாஸ், கில்பர்ட் இருவரும் 1843இல் தொடங்கிய ஆராய்ச்சியே இதற்கு முன்னோடி. முறை மிக எளிது, நேயர்களே! ஒரு பாத்திக்கு எருவே இல்லை, ஒன்றுக்குத் தொழுவுரம், ஏனையவற்றுக்குத் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பற்சத்து ஆகியவை தனித்தும் கூட்டியும். ஆண்டுகள் மாறும், பாத்தியின் பங்கு மாறாது. பொறுமைதான் கருவி. அதை விலைக்கு வாங்க முடியாதே!

அவ்வயலும் செம்மண்தான். அங்கே மணிச்சத்துப் பெறாத பாத்திகள் பின்தங்கின. தழைச்சத்தை மட்டும் உண்டவையும் அப்படியே. யூரியாவையே நம்பியிருந்த என் தமையனாரிடம் இதைக் கூறினேன். “பயிர் கருகருவென்று நிற்கிறதே, இன்னும் என்ன வேண்டும்?” என்றார். அவ்வாண்டு களத்தில் வள்ளம் குறைந்தது. மறு வாரம், மண் பரிசோதனைக்கென ஒரு பை மண்ணை அவரே என் கையில் கொடுத்தார்.