புதுவை சம்பாக் கோயிலும் இடிந்த ஒரு சுவரும்

புதுச்சேரியின் மிஷன் வீதி வழியே செல்வோர் இரட்டைத் தூண்கள் தாங்கிய உயர்ந்த முகப்பையுடைய ஆலயமொன்றைக் காண்பர். அமலோற்பவ அன்னை பேராலயம் என்பது அதன் முறையான பெயர். ஊரார் வழங்கும் பெயரோ சம்பாக் கோயில். இயேசு சபைக் குருக்கள் போர்த்துக்கீசிய நாட்டினரிடையே 'சான் பாவுலோ'வின் பெயரால் அழைக்கப்பட்டனர். அப்பெயரே தமிழ் நாவில் 'சம்பா' எனத் திரிந்தது. தூய பவுலின் பெயர் இவ்விதம் நெல்லின் பெயரோடு ஒன்றிப்போனதை அறியாமலே பலர் அவ்வாலயத்தைக் கடந்து செல்கின்றனர்.

இன்று நாம் காணும் கட்டடம் அவ்விடத்தில் எழுந்த நான்காவது ஆலயமாகும். இயேசு சபையார் 1692இல் கட்டிய முதல் ஆலயம், மறு ஆண்டு ஒல்லாந்தர் நகரைக் கைப்பற்றியபோது அழிந்தது. 1699இல் நகரம் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பியபின் சிறியதோர் ஆலயம் எழுந்தது. 1728 முதல் 1736 வரை பெரியதொன்று கட்டப்பெற்றது. 1761இல் ஆங்கிலேயர் நகரை வீழ்த்தித் தரைமட்டமாக்கியபோது அதுவும் மறைந்தது. இப்போதுள்ள கட்டடத்தின் பணி 1770இல் தொடங்கி 1791இல் நிறைவுற்றது. இடையில் 1773இல் இயேசு சபையையே போப்பாண்டவர் கலைத்துவிட்டமையால், தொடங்கினவர் ஒருவராகவும் முடித்தவர் பாரிசு வெளிநாட்டு வேதபோதக சபையினராகவும் அமைந்தனர்.

முகப்பின் கீழ்நிலையில் டோரிக் முறைத் தூண்களும் மேல்நிலையில் அயோனிக் முறைத் தூண்களும் இரண்டிரண்டாக நிற்கின்றன. பாரிசு நகரத்து வால்-த-கிராசு ஆலயத்தை மாதிரியாகக் கொண்டது என்பர். உள்ளே வளைகூரையும், வட்டச் சாளரங்களால் ஒளிபெறும் குவிமாடமும் உண்டு. பிரசங்கத்தையே மையமாகக் கொண்டு வளர்ந்த நம் சபையினருக்கு, கண்ணைப் பீடத்தின்பால் இழுத்துச் செல்லும் இத்தகைய அமைப்பு சற்று அந்நியமாகத் தோன்றலாம். ஆயினும் கட்டடமும் ஒருவகைப் போதனையே செய்கிறது என்பதை மறுப்பதற்கில்லை.

நம் கவனத்தை ஈர்ப்பதோ மறைந்துபோன மூன்றாம் ஆலயமே. அதில் வடபுறத்தே ஒரு சுவர் இருந்தது. பறையர் குலத்துக் கிறிஸ்தவர் அதற்கு அப்பால் இருந்து வழிபட வேண்டும். சாதிக் கிறிஸ்தவரும் ஐரோப்பியரும் இப்பால் அமர்வர். 1745இல் ஒடுக்கப்பட்ட அம்மக்கள் குருவினிடம் சென்று, தாங்களும் ஒரே கர்த்தரின் அடியாரல்லவோ என முறையிட்டனர். குரு அம்முறையீட்டின் நியாயத்தை ஏற்றார்; சுவர் இடிக்கப்பட்டது. இச்செய்தியை நமக்குத் தருபவர் ஆனந்தரங்கப் பிள்ளை; அவரது நாட்குறிப்பு அக்காலப் புதுவையின் கண்ணாடி எனத் தகும்.

சாதிக் கிறிஸ்தவர் வாளாவிருக்கவில்லை. தலைமைத் துபாஷியாயிருந்த கனகராய முதலியாரின் குடும்பத்துப் பெண்ணொருத்தி விலையுயர்ந்த ஆடை அணிகளோடு ஆலயத்திற்கு வந்ததைக் குரு கண்டிக்கவே, பூசல் வலுத்தது. கவர்னர் தலையிட்டுக் கூட்டங்கூடிப் பேசுவதைத் தடைசெய்யும் அளவுக்கு விவகாரம் முற்றியது. பிள்ளையவர்கள் கிறிஸ்தவர் அல்லர் என்பதையும், கனகராய முதலியாரின் பதவிக்குப் போட்டியாளர் என்பதையும் நாம் மறத்தலாகாது. எனினும் சுவர் இருந்ததையும் இடிந்ததையும் அவர் இட்டுக்கட்டியிருக்கக் காரணமில்லை.

இதற்கு முந்திய ஆண்டு, 1744இல், போப்பு பதினான்காம் பெனடிக்ட் மலபார் சடங்குகள் பற்றிய தமது இறுதிக் கட்டளையை வெளியிட்டிருந்தார். நோயுற்ற பறையர் குலத்தாரின் வீடுகளுக்குள் சென்று திருவருட்சாதனங்களை வழங்கக் குருக்கள் மறுக்கலாகாது என்பது அதன் சாரங்களுள் ஒன்று. 1704இல் தூர்நோன் புதுவையிலிருந்தே பிறப்பித்த ஆணையிலும் இக்கருத்து இருந்தது. நாற்பதாண்டுகள் எழுத்தில் கிடந்த ஆணைக்கும், ஒரு பகலில் இடிந்த சுவருக்கும் இடையே நின்றவர்கள், முறையிட்ட அம்மக்களேயாவர். வரலாற்று நூல்கள் போப்புகளின் பெயர்களைக் கூறும் அளவுக்கு இவர்களின் பெயர்களைக் கூறுவதில்லை.

அதே குருக்கள் மூன்றாண்டு கழித்து வேறொரு செயலில் ஈடுபட்டனர். 1748இல் ஆங்கிலேயர் நகரை முற்றுகையிட்டிருந்தபோது, ஆலயத்தை அடுத்திருந்த வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. இயேசு சபையாரும் துய்ப்ளேயின் மனைவியும் அதற்குத் தூண்டுதலாயிருந்தனர் என நாட்குறிப்பு கூறுகிறது. இடிக்கத்தக்க சுவரையும் இடிக்கத்தகாத சுவரையும் ஒரே கரம் இடித்தது. முந்தியதை மட்டும் எடுத்துரைத்துப் பிந்தியதை ஒளிப்பது வரலாற்று நேர்மையாகாது.

கத்தோலிக்கரைச் சுட்டிக்காட்டி நாம் மகிழவும் வழியில்லை. தரங்கம்பாடி வழிவந்த நம் சபைகளிலும் தனித்தனி இருக்கைகள் இருந்தன. 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சபைகளுக்குள் சாதி வேற்றுமை ஒழிய வேண்டுமெனச் சுற்றறிக்கை விடுத்தபோது தஞ்சையிலும் வேப்பேரியிலும் எழுந்த எதிர்ப்பு, புதுவையில் எழுந்ததினின்று பெரிதும் வேறுபட்டதன்று. நாம் இன்றும் ஞானப்பாட்டுகளால் நினைவுகூரும் வேதநாயக சாஸ்திரியாரே அவ்வழக்கங்களுக்காக வாதாடியவர்களுள் ஒருவர்.

புதுவைச் சுவர் இருந்த ஆலயம் 1761இல் அழிந்தமையால், அது நின்ற இடத்தை இன்று எவரும் காட்ட இயலாது. நாட்குறிப்பின் சில வரிகளிலேயே அது நின்றும் இடிந்தும் இருக்கிறது.